சாவுக்கு வாசித்த சாக்ஸபோன்

கடலூர் முதுநகரில் என் தாய்மாமன் வீட்டுக் கூடத்தில் இரண்டு மர முளைகள் அறைந்திருந்தன. கிழக்குச் சுவரின் முளையில் சின்ன சாக்ஸபோன் தொங்கும். தெற்குச் சுவரின் முளையில் பெரியது தொங்கும். புதுச்சேரியில் கலைந்துபோன ஒரு பிரெஞ்சு பாண்டிலிருந்து மாமா இரண்டையும் வாங்கி வந்திருந்தார். சின்னது கல்யாணத்துக்கு, பெரியது சாவுக்கு. பிணத்துக்கு முன்னால் ஒலித்த வாத்தியம் மணப்பெண்ணுக்கு முன்னால் ஒலிக்கலாகாது என்பது அவருடைய பாண்டு செட்டில் யாரும் மீறாத கட்டளை. துடைக்கும் துணிகூட வேறு வேறு. பெரியதைத் தொட்டவர் தலை முழுகிய பிறகே சின்னதின் பக்கம் போகலாம்.

இந்தப் பாகுபாட்டில் ஒரு விபரீதம் இருந்தது. அதை நான் வெகுநாள் உணரவில்லை. கல்யாண ஊர்வலத்தில் ஜனங்கள் கேட்பது சினிமா மெட்டு. ஆகவே சின்னதற்குத் தெரிந்ததெல்லாம் சினிமா மெட்டுதான். எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களிலோ, உடலை எடுத்துச் செல்லும்போது பதிகம் பாடிக்கொண்டு போவது வழக்கம். பாடுகிறவர்களின் குரல் வழியில் தளரும்போது பாண்டு அதைத் தாங்கிக்கொள்ளும். அப்படித்தான் பெரியது பதிகங்களைக் கற்றது. மங்கலமான வாத்தியம் இறைவன் பெயரை அறியாதிருந்தது. அமங்கலம் என்று ஒதுக்கப்பட்டதோ அந்தப் பெயரைத் தவிர வேறொன்றையும் அறியாதிருந்தது.

பெரியதை வாசித்தவர் மாமாவின் ஒரே மகன். எனக்குச் சில வயது மூத்தவர். மச்சான் என்றுதான் அழைப்பேன். தாயை இழந்த என்னைத் தம் மகனோடு சேர்த்து வளர்த்தவர் என் அத்தை. எண்ணெய் தேய்த்த தலையும் ஒரு தட்டுச் சோறும் எனக்கும் மச்சானுக்கும் ஒன்றாகவே கிடைத்தன. சனிக்கிழமைதோறும் திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் பதிகம் பாடும் கூட்டத்தில் நாங்கள் இருவரும் பின்வரிசையில் உட்கார்ந்து பாடுவோம். கேட்டதை வீட்டுக்கு வந்ததும் மச்சான் வாத்தியத்தில் தேடிப் பார்ப்பார்.

ஊதும்போதே தொண்டைக்குள் சன்னமாகப் பாடுவது அவர் பழக்கம். அதனால் பெரியதின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் ஓடும். கேட்பவர்களுக்கு ஓர் ஆள் ஊதுவதாகவும் இன்னோர் ஆள் வாத்தியத்துக்குள் உட்கார்ந்து முனகுவதாகவும் தோன்றும். சுடுகாட்டு வழியில் அதைக் கேட்ட பெண்கள் அழுகையை நிறுத்திவிடுவார்கள். "இவன் வாசிச்சா போறவனே எழுந்து ஒக்காந்து தாளம் போடுவான்" என்று எங்கள் செட்டில் பெரிய டிரம் அடிக்கும் அண்ணன் சொல்வார். மச்சான் சிரித்துக்கொண்டே, "எழுந்துட்டா நம்மளுக்குத்தான் கூலி போச்சு" என்பார்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், விஷஜுரம் மச்சானைக் கொண்டுபோயிற்று.

அவரை எடுக்கும் நேரம் வந்தபோது பெரியதை வாசிக்க ஆளில்லை. சின்னதில் விரல் பழகியிருந்த என்னை மாமா பார்த்தார்.  தெற்குச் சுவரிலிருந்து அதை இறக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வாய்க்கட்டையை உதட்டில் வைத்தபோதுதான் தெரிந்தது: கறுப்பு எபனைட் என்னும் கெட்டி ரப்பரின் மேற்புறத்தில், மேல்பற்கள் பதியும் இடத்தில், மச்சான் கடித்துக் கடித்து இரண்டு பள்ளங்கள் விழுந்திருந்தன. என் பற்கள் நேராக அவற்றில் போய் உட்கார்ந்தன. ஒரு வீட்டில் ஒரே சோறு உண்டு வளர்ந்தாலும் ஒருவர் எச்சில் வாத்தியத்தை மற்றவர் வாயில் வைப்பதில்லை. அன்று வைத்தேன். அவர் எப்போதும் வாசிக்கும் பதிகத்தையே வாசித்தேன். மழையில் பாதிப் பேர் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். ஆற்றங்கரைவரை வாசித்துக்கொண்டு போனது எனக்கு நினைவில்லை. போனேன் என்று சொல்கிறார்கள்.

அதன் பிறகுதான் அந்தத் தட்டு விவகாரம் தொடங்கியது.

மச்சானுக்குச் சாதகம் முடிந்தவுடன் பசிக்கும். கூடத்தில் ஊதும் ஓசை நின்றால் அத்தை அடுக்களையில் சோறு போடத் தொடங்கிவிடுவார். பல வருஷத்துப் பழக்கம். நான் பெரியதை எடுத்துக் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு நிறுத்தினால், அடுக்களையில் இரண்டு தட்டுகள் இருக்கும். எனக்கொன்று, மச்சானுக்கொன்று. இரண்டிலும் சோறு. ரேஷன் அரிசிக் காலம் அது. ஒரு பிடி வீணாகக் கூடாத காலம். அத்தை பித்துப் பிடித்தவரல்லர். மளிகைக் கடைக்காரன் எடை குறைத்தால் கண்ணாலேயே கண்டுபிடிப்பவர். ஒருநாள் அவரே இரண்டாவது தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கை தானாப் போடுதுடா. நான் இன்னா பண்றது," என்றார்.

மாமா அன்றே பெரியதைத் துணியால் மூடிக் கட்டினார். சாவுக்கு வாசிப்பதையும் செட்டு நிறுத்திவிட்டது. நான் சின்னதற்கே திரும்பினேன். கீரப்பாளையத்திலும் லால்பேட்டைப் பக்கத்திலும் புவனகிரியிலும் கல்யாண ஊர்வலங்களில் சினிமா மெட்டு வாசித்தேன். ஜனங்கள் சில்லறை எறிந்தார்கள். வீடு திரும்பும்போதெல்லாம் கூடத்தில் மூடிய துணிக்குள்ளே, கடற்காற்று வாசல் வழியே நுழையும் நேரங்களில், விரலால் அழுத்தும் சாவிகள் ஒன்றோடொன்று லேசாகத் தட்டிக்கொள்ளும். ஒருவர் வாசிப்பதற்கு முன் விரல்களைச் சோதித்துப் பார்க்கும் ஓசை அது. காற்றுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அந்தச் சுவர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

இப்படியிருக்கையில், சிதம்பரத்து இசைக் கல்லூரியில் புதிதாகச் சேர விரும்புபவர்களைச் சோதித்து எடுக்கப்போகிறார்கள் என்று பதிகக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சாக்ஸபோனோடு யாரும் அங்கே போனதில்லை. விசாரித்ததில், என்ன வாத்தியமானாலும் கொண்டுவந்து வாசிக்கலாம், தகுதி இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று பதில் கிடைத்தது. எனக்கு அது ஒன்றே வழி. அங்கே இடம் கிடைக்காவிட்டால், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மாப்பிள்ளைக் காருக்கு முன்னால் சினிமா மெட்டு வாசித்தே என் ஆயுள் கழிந்துபோகும். மனப்பாடமாக நெஞ்சில் கிடந்த பதிகங்கள் வாத்தியத்தில் ஏறாமல் என்னோடு மண்ணாகும். அந்தப் பயம் எனக்கு இரவும் பகலும் இருந்தது.

ஆனால் எதை எடுத்துப் போவது?

மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. "சின்னத எடுத்துட்டுப் போ மாப்ள. மங்களமான வாத்தியம். நல்ல காரியத்துக்குப் போவச்சொல்ல பொணத்துக்கு ஊதினதத் தூக்கிட்டுப் போவாங்களா யாராச்சும்."

டிரம் அண்ணன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "சின்னது சினிமாக் கொட்டாய் ஆச்சே. அங்க இருக்கிறவங்க பெரிய பெரிய வித்வானுங்க. டூயட்டு வாசிச்சா வெளக்கமாத்தால அடிப்பாங்க," என்றார்.

"பதிகத்த அதுல வாசிக்கட்டுமே. யாரு வேணாம்னா," என்றார் மாமா.

வாசித்துப் பார்த்தேன். பல வாரம் விடாமல் முயன்றேன். ஸ்வரங்கள் தவறவில்லை, காலப்பிரமாணம் தவறவில்லை. ஆனாலும் பதிகம் சின்னதில் நிற்கவில்லை. தகப்பனின் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும் பிள்ளையைப் போல, கைகள் எல்லாம் நீண்டு தொங்கின. உருகி நிற்க வேண்டிய இடங்களில் அது கொஞ்சியது. ஊர்வலத்தில் எத்தனையோ வருஷம் குழைந்து பழகிய குரல். அதைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அடியார்கள் கண்ணீர் விட்டு அழைத்த பெயரை அது வெறும் மெட்டாக மட்டுமே கேட்டிருந்தது.

ஒருநாள் விடியலில் பெரியதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். வீட்டுக்குக் கேட்காத தூரம். கட்டுமரங்கள் உள்ளே போய்விட்டிருந்தன. வாய்க்கட்டையை வைத்ததும் பற்கள் தாமாகவே பள்ளங்களைக் கண்டுகொண்டன. பதிகத்தின் முதலடியைத் தொட்டேன். ஆண்குரலுக்கு வெகு அருகில் நிற்கும் குரல் அது. நெஞ்சிலிருந்து எழுவதுபோல் எழுந்தது. நான் எதையும் செய்யவேண்டியிருக்கவில்லை. எங்கே நிற்க வேண்டும், எங்கே வழுக்கி இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. இறைவனுக்கு முன்னால் நிற்கிறோம் என்ற நடுக்கமும், இறந்தவரின் இடத்தில் நிற்கிறோம் என்ற நடுக்கமும் ஒன்றாக வந்தன. இன்றுவரை அந்த இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை. மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

அத்தைக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்:

"போர்வையில மணலு இருந்திச்சி."

நான் தூணோரம் உட்கார்ந்தேன்.

"கடக்கரையில போய் வாசிச்சா எனக்குக் கேக்காதுன்னு போனியா?"

"கேட்டுதா அத்தை?"

"அம்மாந் தூரம் எப்படிக் கேக்கும். கேக்கல." முறத்தை ஒருமுறை தட்டினார். "ஆனா நீ போன நாள்ல எல்லாம் கை ரெண்டு தட்டு எடுத்திச்சி. எடுத்து வச்ச அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சிது, நீ எங்க போயிருக்கன்னு."

கோடை வெயில் முற்றத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போர்வையை உதறி அதில் காயப்போட்டேன்.

"அதையே எடுத்துட்டுப் போ," என்றார் அத்தை. "அவனும் ஊரு பாக்கட்டும். ஆனா தீட்டோட நடராசர் ஊருக்குப் போவக் கூடாது. சொல்லிட்டேன்."

"நான்தான் குளிச்சிட்டுப் போறேனே அத்தை."

அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தீட்டு எனக்கா, அதற்கா என்று நான் கேட்டிருக்கலாம்.

மாமா விட்டுக்கொடுக்கவில்லை. அத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போவது, எதைத் திறப்பது என்று அங்கே போய் முடிவு செய்வது என்று ஆயிற்று. ஒரு பெட்டியைத் தூக்க டிரம் அண்ணன் கூட வந்தார். ரயிலில் பெரியதின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வாத்தியத்தின் அகன்ற வாயில் மூன்று விபூதிக் கீற்றும் நடுவில் குங்குமமும் இருந்தன. பெட்டிக்குள் இருந்து மஞ்சள் வாசனை வந்தது. அத்தை பொட்டு வைத்திருக்கிறார் என்று எண்ணிக் கண்களில் ஒற்றிக்கொண்டு மூடினேன்.

சிதம்பரத்தில் கீழவீதியில் டிரம் அண்ணனின் உறவுக்கார அம்மாள் ஒருவர் வீட்டில் இறங்கினோம். அவர் பெட்டிகளை வாசலிலேயே நிறுத்தி, "இதுங்க எதுக்கு வாசிக்கிறது?" என்று கேட்டார்.

டிரம் அண்ணனுக்குப் பொய் வாயில் தயாராக இருந்தது. "ரெண்டும் கல்யாணத்துக்குங்க."

"பெரிசு மூஞ்சியப் பார்த்தா கல்யாணத்துக்குப் போனதாத் தெரியலியே."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்து வழிவிட்டார். "எங்க ஊரு சாமியே சுடுகாட்டுல ஆடுறவரு. அவரயே நடுவூட்ல வச்சிக்கினு இருக்கோம். கொண்டாந்து உள்ள வை."

குளத்தில் மூழ்கி, ஈர வேட்டியோடு சந்நிதிக்குப் போனேன். எதைத் திறப்பது என்று கேட்கத்தான் போனேன். தீபாராதனையில் தூக்கிய திருவடி ஒருமுறை துலங்கி மறைந்தது. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. ஊன்றிய பாதத்தின் கீழே கிடப்பவனையும் தூக்கிய பாதத்தின் நிழலில் நிற்பவனையும் ஒன்றாகவே தாங்குகிறவரிடம், இது மங்கலமா அது மங்கலமா என்று என்னவென்று கேட்பது? கைகூப்பி நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கல்லூரிக் கூடத்தில் மூன்று வித்வான்கள் ஜமக்காளத்தில் அமர்ந்திருந்தார்கள். பெயர்களை எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தாவும் சுருதிக்குத் தம்பூரா மீட்ட ஒருவரும் பக்கத்தில் இருந்தார்கள். எனக்கு முன்னால் பாடியவர்கள், வீணை வாசித்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். என் முறை வந்ததும் நான் பெரியதைத் திறந்தேன். பித்தளைக் குழாயைக் கண்டதும் வித்வான்களில் இளையவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மூத்தவர் காதில் கடுக்கனும் நெற்றியில் திருநீறும் துலங்க, கண்களை மூடி, "ஆகட்டும்," என்றார்.

நடு ஸ்தாயியில் பதிகம் ஒழுங்காகவே போயிற்று. கீழே இறங்கியபோது ஸ்வரம் பிளந்தது. பிளந்த இடத்தில் ஒரு முனகல் கேட்டது. மூச்சைக் குறைத்தேன், முனகல் குறையவில்லை. என் குரலுக்கு அடியில், சற்றே தாழ்ந்து, தொண்டைக்குள் பாடுகிறவனின் குரலாக அது என்னோடு கூடவே வந்தது. நான் நிற்கும் இடத்தில் நின்றது. வழுக்கும் இடத்தில் வழுக்கியது. கடற்கரையில் ஒருநாளும் இப்படி நேர்ந்ததில்லை.  என் தொண்டையிலிருந்து எதுவும் எழவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்துவிட்டேன்.

மூத்தவர் கண்ணைத் திறந்தார். "கூடவே யாரோ பாடறாப்போல இருக்கே. நீயா பாடறே?"

"இல்லீங்க."

"பின்னே யாரு?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. வாய்க்கட்டையை வேட்டியில் துடைத்தேன். டிரம் அண்ணன் கூடத்தின் ஓரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வது தெரிந்தது.

இளையவர், "வாத்தியம் எங்கேயோ காத்து விடறது. அந்த இன்னொரு பெட்டியில என்ன?" என்று கேட்டார்.

சின்னதை எடுத்து அதே பதிகத்தை வாசித்தேன். பிசிறில்லாமல் வந்தது. இளையவர் முகம் தெளிந்தது. "இது சுத்தமா இருக்கு. இதையே எழுதிக்கோங்கோ," என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

"சுத்தம்தான்," என்றார் மூத்தவர். "பாஷை தெரியாதவன் மந்திரம் சொல்றாப்போலச் சுத்தம்." என் பக்கம் திரும்பினார். "ரெண்டையும் எழுதிக்க முடியாதுப்பா. எதுன்னு நீயே சொல்லு. சொன்னதை முழுக்க வாசி."

குமாஸ்தாவின் பேனா காத்திருந்தது. சின்னதைச் சொன்னால் இடம் நிச்சயம் என்பதை இளையவரின் முகமே காட்டியது. பெரியது கீழ்ஸ்தாயியில் மறுபடியும் பிளக்கும் என்பதில் சந்தேகமில்லை. இந்த இடத்துக்காகத்தான் வந்தேன். இது போனால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்தான் கதி. எல்லாம் தெரிந்திருந்தும் என் கை பெரியதின் பக்கம்தான் போயிற்று. அத்தை இரண்டு தட்டு எடுக்கும்போது அவர் கை எப்படிப் போயிருக்கும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

பதிகத்தை முதலடியிலிருந்து முடிவுவரை வாசித்தேன். கீழே இறங்கும்போதெல்லாம் அந்தக் குரல் வந்தது. இம்முறை நான் விலகவில்லை. அதற்கு இடம் விட்டு வாசித்தேன். மச்சானோடு கோயிலின் பின்வரிசையில் உட்கார்ந்து பாடிய நாட்களில் எப்படி ஒருவர் மூச்சு முடியும் இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்வோமோ, அப்படி.  முடித்தபோது தம்பூராவை மீட்டிக்கொண்டிருந்தவர் விரலை எடுத்துவிட்டிருந்தார்.

"பெரியதையே எழுதிக்கோ," என்றார் மூத்தவர் குமாஸ்தாவிடம். பிறகு என்னிடம், "இடம் உண்டு. ஆனா அதைச் செப்பனிட்டு எடுத்துண்டு வா." எழுந்திருக்கும்போது, விளையாட்டாகவா, விளையாட்டில்லாமலா என்று சொல்ல முடியாத குரலில், "இங்கே ஒருத்தருக்குத்தான் இடம்," என்றார்.

திரும்பும் ரயிலில் சாவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம். துளைகளை மூடும் தோல் மூடிகள் எல்லாம் மஞ்சளாக இருந்தன. ஊறி, ஓரம் உப்பி, துளையின் மேல் சரியாக உட்காராமல் நின்றன.

"மாப்ள, அத்தை இதுக்கு மஞ்சத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி இருக்காங்க," என்றார் டிரம் அண்ணன். "மழையில நனையக் கூடாதுன்னு உங்க மச்சான் தன் சட்டையக் கழட்டி இதுக்குப் போடுவான். அத்தை அண்டாவுல முக்கிட்டாங்க." சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "தோலு ஊறினா காத்து ஒழுகும். காத்து ஒழுகினா கரகரன்னு வரும். அவ்ளோதான்." பரங்கிப்பேட்டை தாண்டியதும், "ஆனா தோலுக்கு எப்படிடா அவன் நிக்கிற எடம் தெரியும்?" என்று கேட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா இடம் கிடைத்ததா என்று கேட்டார். அத்தை கேட்டது வேறு.

"அவுங்க எதனா சொன்னாங்களா, அதக் கேட்டுட்டு?"

"சொன்னாங்க அத்தை. கூடவே யாரோ பாடறாங்களேன்னு கேட்டாங்க."

அத்தை சுவரில் கைவைத்துக்கொண்டார். "யாரு சொன்னது? பெரியவங்களா?"

"அங்க எல்லாருக்கும் மூத்தவரு."

"அப்ப எனக்கு மட்டும் இல்ல," என்றார் அத்தை. அதைத் திரும்ப ஒருமுறை தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அவர் மகன் போன பிறகு அந்த முகம் தளர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

செப்பனிட வேண்டும் என்பதையும் சொன்னேன். மஞ்சள் நீரால் வந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. டிரம் அண்ணன் சொல்லிவிட்டார். தோல் மாற்றினால் அந்தக் குரல் போய்விடும் என்பது அத்தைக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. "தீட்டுப் போவட்டும்னுதான் ஊத்தினேன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு தபா இங்க வாசிச்சிட்டு அப்புறம் எடுத்துட்டுப் போ," என்றார்.

வாசித்தேன். மூடிய துணி இல்லாமல், கூடத்தில், அவர் எதிரில். கீழே இறங்கிய இடங்களில் மச்சானின் குரல் வந்தது. அத்தை அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து இமைக்காமல் கேட்டார். நான் நிறுத்தியதும் எழுந்து போய் இரண்டு தட்டுகளை எடுத்தார். இம்முறை கை தானாக எடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து எடுத்தார். இரண்டிலும் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். "சாப்டுட்டுப் போ," என்றார். யாரிடம் சொன்னார் என்று நான் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு மற்றத் தட்டைக் கொல்லைக்கு எடுத்துச் சென்று காக்கைக்கு வைத்தார்.

புதுச்சேரியில் ஒருவர் பழைய தோல்களையெல்லாம் பெயர்த்துவிட்டுப் புதியவை ஒட்டிக் கொடுத்தார். பழையவற்றை வீசப்போனவரிடமிருந்து மாமா கேட்டு வாங்கி, காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டார்.  மறுநாள் காலை மூவருமாகத் தேவனாம்பட்டினத்துக்குப் போனோம். அத்தை முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, பொட்டலத்தைப் பிரித்து, மஞ்சள் வட்டங்களை அலையில் விட்டார். ஐப்பசியில் மச்சானின் எலும்பைக் கரைத்ததும் அதே இடம்தான். வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. ஒன்று மட்டும் நுரையோடு திரும்பி வந்து அத்தையின் காலடியில் ஒட்டியது. குனிந்து எடுத்து மறுபடியும் விட்டார். மறுபடியும் வந்தது.

"போதும் வா," என்றார் மாமா. "திரும்பிப் பாக்காத. பாக்கக் கூடாது."

நாங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். அது உள்ளே போயிற்றா, மணலிலேயே கிடந்ததா என்று எனக்குத் தெரியாது.

சிதம்பரத்தில் படித்த காலம் முழுவதும் பெரியதைத்தான் வாசித்தேன். புதிய தோலில் கீழ்ஸ்தாயி தெளிவாக வந்தது. ஒரே குரல்தான் வந்தது. மூத்த வித்வான் பின்னர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. விடுமுறைக்கு வரும்போது கூடத்தில் வாசிப்பேன். வாசித்து முடித்தால் அடுக்களையில் ஒரு தட்டு இருக்கும். அத்தை அமைதியாகிவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். 

வாய்க்கட்டையை மட்டும் நான் மாற்றவில்லை. புதிது வாங்கித் தருவதாக எத்தனையோ பேர் சொன்னார்கள். கோயில்களிலும் சபைகளிலும் அதை வைத்தே பதிகம் வாசித்துவந்தேன். சில நாள், பதிகம் கனிந்து வரும் வேளையில், நான் நிறுத்த எண்ணாத ஓரிடத்தில் வாத்தியம் நின்றுவிடும். நான் வழுக்க எண்ணாத இடத்தில் வழுக்கும். கேட்பவர்கள் அதைத்தான் மெச்சினார்கள். நான் திருவருள் என்று சொல்லிக் கைகூப்புவேன். அது பொய்யல்ல. முழு உண்மையும் அல்ல.

இப்போது என் பற்கள் விழுந்துவிட்டன. வாசிப்பதை நிறுத்தி நெடுங்காலமாகிறது. காலையில் திருநீறு அணிந்து பதிகம் சொல்லி முடித்ததும் பெட்டியைத் திறந்து வாய்க்கட்டையின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறேன். இரண்டு பள்ளங்களும் முன்னைவிட ஆழமாகியிருக்கின்றன. அவற்றில் மச்சான் கடித்தது எவ்வளவு, நான் கடித்தது எவ்வளவு என்று விரலுக்குத் தெரியவில்லை.